செல்போனை நம்பி படகு ஏறலாமா? வயர்லெஸ், டிராக்கர் வாங்கும் முன் கேட்க வேண்டிய ஒரே கேள்வி!

கல்லாவி,

கல்லாவியில் கடல் இல்லை. ஊத்தங்கரை பாம்பாறு அணையை விட்டால் பக்கத்தில் பெரிய தண்ணீரும் இல்லை. ஆனாலும் படகு சவாரி போகாத குடும்பம் நம்ம ஏரியாவில் இருந்தால் அதிசயம்தான்.

ஆடி 18 என்றால் ஒகேனக்கல். பள்ளிக்கூடம் லீவு விட்டால் ஏற்காடு. ஓசூர் சிப்காட்டில் வேலை பார்க்கும் பையன்கள் கையில் போனஸ் வந்துவிட்டால் வேன் பிடித்து செங்கம், திருவண்ணாமலை வழியா நேரா புதுச்சேரி. அங்கே சுண்ணாம்பாறு படகு குழாமில் டிக்கெட் எடுத்து முகத்துவாரம் வரைக்கும் ஒரு ரவுண்டு.

படகில் ஏறியதும் முதல் வேலை செல்பி. அடுத்த வேலை செல்போனை பத்திரமாக பாக்கெட்டில் வைப்பது. ஏதாவது ஆச்சுன்னா கூப்பிட்டுக்கலாம் என்கிற தைரியம்.

அந்த தைரியம் எவ்வளவு தூரம் தாங்கும் என்பதுதான் இன்றைய பேச்சு.

இப்போது நிலைமை கொஞ்சம் மாறியும் இருக்கிறது. ரப்பர் படகு, கயாக் படகு என்று சொந்தமாகவே வாங்கி காரின் மேல் கட்டிக்கொண்டு வருகிறவர்களை ஓசூர், பெங்களூரு பக்கம் பார்க்க முடிகிறது. ரிசார்ட்டு நடத்துபவர்கள் படகு விடுகிறார்கள். இவர்கள் போனை திறந்தாலே "படகு வயர்லெஸ்", "கடல் வாக்கி டாக்கி", "ஜி.பி.எஸ். டிராக்கர்" என்று விளம்பரம் வந்து கொட்டுகிறது. எதை வாங்குவது, எதை விடுவது என்று குழப்பம்.

கடைக்காரர் எத்தனை வாட், எத்தனை கிலோமீட்டர், எத்தனை சேனல் என்று அடுக்குவார். அதெல்லாம் அப்புறம். முதலில் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று. நான் கத்தினால் அந்தப் பக்கம் கேட்க யார் இருக்கா?

சேனல் 16

கடலில் இந்த கேள்விக்கு பதில் உண்டு. வி.எச்.எப். என்று சொல்லப்படும் கடல் வயர்லெசில் 16-ம் நம்பர் சேனல் உலகம் முழுக்க ஆபத்துக்கு என்று ஒதுக்கப்பட்டது. அதன் அலைவரிசை 156.8 மெகாஹெர்ட்ஸ். கடலோர காவல்படை, துறைமுகம், போகிற வருகிற கப்பல்கள் எல்லாம் இந்த சேனலை கேட்டபடி இருப்பது வழக்கம். சென்னையில் கடலோர காவல்படையின் மீட்பு ஒருங்கிணைப்பு மையம் இருக்கிறது.

படகில் நிரந்தரமாக பொருத்தும் வி.எச்.எப். கருவி 25 வாட் சக்தி கொண்டது. கையில் பிடிக்கும் கருவி 5, 6 வாட். வாட் கூடினால் தூரமும் அதே கணக்கில் கூடும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். இந்த அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகக் கூடியது. கிருஷ்ணகிரி மலைக்கோட்டை மேலே ஏறி நின்றால் கண்ணுக்கு எட்டும் தூரம் எவ்வளவு, கீழே பஸ் ஸ்டாண்டில் நின்றால் எவ்வளவு? அதே கணக்குதான். ஆன்டனா எவ்வளவு உயரத்தில் இருக்கோ அவ்வளவு தூரம் பேச்சு போகும்.

கரையில் உயரமான கோபுரம் இருந்தால் படகில் பொருத்திய கருவியில் 20, 25 கடல் மைல் வரை பேசலாம். ஒரு கடல் மைல் என்பது 1.852 கிலோமீட்டர். ஆனால் இரண்டு சின்ன படகில் இரண்டு பேர் கைக்கருவியை வைத்துக்கொண்டு பேசினால் ஐந்தாறு கிலோமீட்டர் தாண்டினாலே இழுபறிதான். பெட்டி மேலே "30 கிலோமீட்டர்" என்று போட்டிருப்பதை நம்பி காசை போடாதீர்கள்.

வாங்குகிறவர்கள் பார்க்க வேண்டியது வேறு சில விஷயம். ஐ.பி.எக்ஸ்.7 என்று போட்டிருந்தால் 1 மீட்டர் ஆழ தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் தாங்கும் என்று அர்த்தம். கைக்கருவி என்றால் தண்ணீரில் மிதக்குமா என்று கேளுங்கள். கை நழுவினால் மூழ்கிப் போகிற கருவி என்னத்துக்கு ஆகும்? பொருத்தும் கருவி என்றால் பேட்டரியை படகின் அடியில் வைக்கக்கூடாது. தண்ணீர் உள்ளே வந்தால் முதலில் சாவது பேட்டரி, கூடவே வயர்லெஸ். 25 வாட்டில் பேசும்போது 5, 6 ஆம்பியர் இழுக்கும் என்பதால் மெல்லிசு ஒயர் போட்டு சமாளிப்பதும் வேலைக்கு ஆகாது.

மூடி போட்ட சிவப்பு பட்டன்

இப்போது வரும் நல்ல கருவிகளில் சின்ன மூடி போட்ட சிவப்பு பட்டன் இருக்கும். மூடியை தூக்கி சில நொடி அழுத்திப் பிடித்தால் போதும். வாய் திறந்து பேச வேண்டியதில்லை. 70-ம் சேனல் வழியாக ஆபத்து செய்தியும், படகு நிற்கும் இடமும் தானாக போய்விடும். டி.எஸ்.சி. என்பது இதுதான்.

ஆனால் இதில் ஒரு கண்ணி இருக்கிறது. அந்த கருவிக்கு எம்.எம்.எஸ்.ஐ. என்கிற 9 இலக்க எண்ணை வாங்கி பதிந்திருக்க வேண்டும். இந்திய படகு என்றால் 419 என்று தொடங்கும். கூடவே கருவிக்கு ஜி.பி.எஸ். இணைப்பும் வேண்டும். எண்ணை பதியாத கருவியில் சிவப்பு பட்டன் வெறும் அழகுக்குத்தான். ஜி.பி.எஸ். இல்லாவிட்டால் ஆபத்து என்று தெரியும், எங்கே என்று தெரியாது. பில் போடும்போது இந்த இரண்டையும் யாரும் சொல்வதில்லை. நாமதான் கேட்கணும்.

வேன்ல இருக்கிற ஏ.ஐ.எஸ். வேற!

டிராக்கர் விஷயத்துக்கு வருவோம். நம்ம ஊர் வேன், டாக்சி டிரைவர்களிடம் "படகுக்கு ஏ.ஐ.எஸ். வேணுமாம்" என்று சொல்லிப் பாருங்கள். "அது எங்க வண்டியிலேயே இருக்குதுங்கணா" என்பார்கள். ஏ.ஐ.எஸ்.140 என்கிற டிராக்கரும், ஆபத்து பட்டனும் வாடகை வாகனங்களில் பொருத்த வேண்டும் என்ற விதி வந்து சில வருடம் ஆகிறது. எழுத்து ஒன்றுதான். பொருள் வேறு.

வண்டியில் இருப்பது வாகன தொழில் தர எண். அந்த கருவிக்குள் சிம் கார்டு இருக்கிறது. செல்போன் டவர் இருக்கும் வரைதான் அதன் பேச்சு. டவர் இல்லாத இடத்தில் போன பாதையை நினைவில் வைத்திருந்து, டவர் கிடைத்ததும் அனுப்பும். ரோட்டில் ஓடும் வேனுக்கு அது போதும். கரையை விட்டு தள்ளிப் போன படகு மூழ்கும்போது, கரைக்கு வந்ததும் சொல்றேன் என்கிற கருவியை வைத்து என்ன செய்வது?

கடலில் ஏ.ஐ.எஸ். என்பது சிம் கார்டு இல்லாமல் வயர்லெஸ் அலையிலேயே "நான் இன்னார், இந்த இடத்தில் இருக்கேன், இந்த வேகத்தில் போறேன்" என்று சுற்றியுள்ள கப்பல்களுக்கு ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கும் கருவி. பெரிய கப்பலுக்கு ஏ வகுப்பு. சின்ன படகுக்கும் உல்லாச படகுக்கும் பி வகுப்பு. இதிலும் கடைக்காரர் ஒன்றை சொல்லாமல் விடுவார். வெறும் ரிசீவர் என்றால் மற்ற கப்பலை நீங்கள் பார்க்கலாம், உங்களை அவர்கள் பார்க்க முடியாது. டிரான்ஸ்பாண்டர் என்றால்தான் இரண்டும். விலை வித்தியாசத்தை பார்த்து ரிசீவரை வாங்கிவிட்டு "டிராக்கர் போட்டாச்சு" என்று நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு.

செல்போனில் கப்பல் போவது தெரிகிற ஆப் இருக்கே என்று கேட்கலாம். அது இன்டர்நெட்டில் சுற்றி வரும் தகவல். தாமதமாக வரும், சில நேரம் வராமலே போகும். வேடிக்கை பார்க்க நல்லது.

சின்ன படகை பெரிய கப்பல் கவனிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு பக்கத்து கர்நாடகாவிலேயே உதாரணம் இருக்கிறது. 2021 ஏப்ரல் 13-ந் தேதி அதிகாலை மங்களூரு கடலில் மீன்பிடி படகு மீது சரக்கு கப்பல் மோதியது. படகில் தமிழ்நாட்டையும், மேற்கு வங்காளத்தையும் சேர்ந்த 14 பேர். உயிரோடு மீட்கப்பட்டது 2 பேர் மட்டுமே.

அதற்கு முன்பு, 2018 டிசம்பரில் உடுப்பி மாவட்டம் மல்பேயில் இருந்து கிளம்பிய படகு 7 மீனவர்களோடு மாயமானது. கடற்படையும், கடலோர காவல்படையும் தேடின. மூழ்கிக் கிடந்த படகை மராட்டிய கடலில் கண்டுபிடித்தது 2019 மே மாதம். வீட்டில் இருந்தவர்கள் நாலரை மாதம் என்ன பாடு பட்டிருப்பார்கள்? கடைசியாக எங்கே இருந்தது என்பதை விடாமல் சொல்லிக்கொண்டே இருக்கும் கருவிக்கு இதைவிட விளம்பரம் வேண்டியதில்லை.

ஒக்கி கற்றுக்கொடுத்தது

கேட்க ஆள் இருந்தும், குரல் எட்டாத கதையும் உண்டு. 2017 நவம்பர் 30-ந் தேதி ஒக்கி புயல் கன்னியாகுமரியை தாக்கியபோது தூத்தூர், சின்னத்துறை பக்கத்து ஆழ்கடல் மீனவர்கள் பல நூறு கிலோமீட்டர் தள்ளி இருந்தார்கள். வி.எச்.எப். வைத்திருந்தவர்களுக்கும் கரையின் குரல் எட்டாத தூரம். புயல் வருகிறது, திரும்புங்கள் என்ற ஒரு வார்த்தை போய் சேர்ந்திருந்தால் பிழைத்திருப்பார்கள் என்று அந்த ஊர் ஜனங்கள் இன்றும் சொல்கிறார்கள்.

அதன் பிறகுதான் சாட்டிலைட் வழியாக இருபக்கமும் செய்தி அனுப்பும் டிரான்ஸ்பாண்டர் பேச்சு வேகம் எடுத்தது. இஸ்ரோ உருவாக்கிய தொழில்நுட்பம். தமிழ்நாட்டில் 4 ஆயிரத்து 997 விசைப்படகுகளுக்கு ரூ.18 கோடி செலவில் பொருத்தும் திட்டம் வந்தது. 2024 ஆகஸ்டு 30-ந் தேதி மராட்டிய மாநிலம் பால்கரில் நாடு முழுவதும் 1 லட்சம் மீன்பிடி படகுகளுக்கு ரூ.364 கோடியில் இலவசமாக பொருத்தும் திட்டத்தை பிரதமர் தொடங்கி வைத்தார். கணக்கு போட்டால் படகு ஒன்றுக்கு ரூ.36 ஆயிரம் சொச்சம்.

இது மீனவர்களுக்கு. உல்லாச படகு வைத்திருப்பவர் கை நீட்டி வாங்க முடியாது. ஆனாலும் எந்த மாதிரி கருவி வேண்டும் என்பதற்கு இதுவே அளவுகோல். புயல் செய்தி இந்தப் பக்கம் வரவேண்டும், ஆபத்து செய்தி அந்தப் பக்கம் போகவேண்டும், எல்லையை நெருங்கினால் எச்சரிக்க வேண்டும். ராமேசுவரம் பக்கம் கடைசியாக சொன்னதுதான் முக்கியம்.

இதிலும் மீனவர்களுக்கு ஒரு சந்தேகம் இருப்பது உண்மை. நாங்க எங்க வலை போடுறோம்னு காட்டிக் கொடுக்கவா இந்த பெட்டி என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. கண்காணிக்கவும் அதே கருவிதான், காப்பாற்றவும் அதே கருவிதான். 2008 நவம்பரில் மும்பை தாக்குதல் நடத்திய பயங்கரவாதிகள் குஜராத் மீன்பிடி படகு ஒன்றை கடத்தித்தான் வந்தார்கள். அதன் பிறகே 20 மீட்டருக்கு மேல் நீளமுள்ள படகுகளுக்கு ஏ.ஐ.எஸ். கட்டாயம் என்று ஆனது. ஆக டிராக்கர் சட்டம் பிறந்தது மீனவரை காப்பாற்ற அல்ல, நாட்டை காப்பாற்ற. காப்பாற்றும் வேலை பின்னால் வந்து சேர்ந்தது.

அபயக்குரல் கேட்பது பீனியாவில்!

நம்ம ஊர் பிள்ளைகள் நூற்றுக்கணக்கில் வேலைக்கு போகும் பெங்களூரு பீனியா தொழிற்பேட்டை தெரியுமல்லவா? லேத்து பட்டறை, பிரஸ் ஷாப் என்று நாள் முழுக்க இரும்பு சத்தம் கேட்கும் அதே பீனியாவில்தான் இஸ்ரோவின் இஸ்ட்ராக் மையம் இருக்கிறது. கடலில் ஆபத்தில் சிக்கியவர்களின் சாட்டிலைட் அபய சிக்னலை வாங்கி, கடலோர காவல்படைக்கு தகவல் கொடுக்கும் இந்திய கட்டுப்பாட்டு மையம் இங்கேதான் இயங்குகிறது. வங்கக்கடலில் ஒருவர் பட்டனை அழுத்தினால் செய்தி முதலில் வந்து சேருவது கடற்கரைக்கு அல்ல, பீனியாவுக்கு!

இதற்கு இரண்டு வகை கருவி உண்டு. ஒன்று 406 மெகாஹெர்ட்சில் இயங்கும் உலக அளவிலான அபய கருவி. கப்பல், படகுக்கு தனி, ஆள் இடுப்பில் கட்டிக்கொள்ள தனி. வாங்கினால் மட்டும் போதாது, யார் பெயரில் இருக்கிறது என்று பதிவு செய்ய வேண்டும். இல்லாவிட்டால் சிக்னல் வரும், யாருடையது, வீட்டுக்கு யாரிடம் கேட்பது என்று தெரியாது. பேட்டரிக்கு காலாவதி தேதி உண்டு. மாத்திரை அட்டையில் தேதி பார்ப்பது போல பார்த்து வாங்கவேண்டும்.

இன்னொன்று மீனவர்களுக்காக இஸ்ரோ கொண்டு வந்த அபய கருவி. 2010-ல் இருந்து புழக்கத்தில் இருக்கிறது. 20 ஆயிரத்துக்கும் மேல் பயன்பாட்டில் இருப்பதாக 2024 ஜனவரியில் இஸ்ரோ சொன்னது. பழைய கருவியில் பட்டனை அழுத்தினால் செய்தி போகும், அவ்வளவுதான். போச்சா, கேட்டாங்களா, வர்றாங்களா என்று நடுக்கடலில் இருப்பவருக்கு தெரியாது. இரண்டாம் தலைமுறை கருவியில்தான் "உங்கள் செய்தி கிடைத்தது" என்ற பதில் திரும்பி வரும் வசதியை சேர்த்தார்கள்.

பதில் வருவது சின்ன விஷயம் போல தெரியலாம். மூழ்கும் படகை பிடித்துக்கொண்டு தொங்குகிறவனுக்கு இன்னும் ஒரு மணி நேரம் கையை விடாமல் இருக்க அந்த ஒரு வரிதான் தெம்பு.

எஸ்.பி. ரோட்டில் கிடைக்குதே?

பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக்கு போனால் எலக்ட்ரானிக்சில் கிடைக்காத சாமான் இல்லை என்பார்கள். ஆன்லைனில் அதை விட மலிவு. ஆனால் வயர்லெஸ் கருவி டார்ச் லைட் மாதிரி அல்ல. லைசென்சு இல்லாமல் வைத்திருந்தால் கேஸ் ஆகும்.

446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை குறைந்த சக்தியில் இயங்கும் சின்ன வாக்கி டாக்கிக்கு மட்டும் 2018-ல் லைசென்சு விலக்கு கொடுத்தார்கள். அதற்கும் கருவி மாடல் மத்திய அரசின் அனுமதி பெற்றிருக்க வேண்டும். மற்றதற்கெல்லாம் தொலைத்தொடர்பு துறையின் லைசென்சு வேண்டும். இதையெல்லாம் சொல்லாமல் வாக்கி டாக்கிகளை விற்றதாக ஆன்லைன் நிறுவனங்களுக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025-ல் நோட்டீசு அனுப்பி, தனியாக வழிகாட்டு விதிகளையும் வெளியிட்டது. விற்றவன் நோட்டீசோடு தப்பிக்கலாம், வாங்கினவன் போலீஸ் ஸ்டேஷனில் நிற்கக்கூடாது.

வளைகுடா நாடுகளில் இருந்து வரும் சொந்தக்காரர்கள் சாட்டிலைட் போன் கொண்டுவந்து தந்தால் வாங்கி வைக்காதீர்கள். துரையா, இரிடியம் வகை போன்களை அனுமதி இல்லாமல் வைத்திருப்பது இந்தியாவில் குற்றம். சாட்டிலைட்டில் மெசேஜ் அனுப்பும் கைக்கருவியை பையில் வைத்திருந்த வெளிநாட்டு சுற்றுலா பயணிகளே நம்ம ஏர்போர்ட்டுகளில் பிடிபட்டிருக்கிறார்கள். மலை ஏறவும் படகு ஓட்டவும் கொண்டு வந்தது என்று சொல்லியும் விடவில்லை.

சரி, ஒகேனக்கல்லுக்கு எது?

இப்போது நம்ம ஊர் கேள்வி. ஒகேனக்கல் பரிசலில், ஏற்காடு ஏரி படகில், அவதானப்பட்டி படகு இல்லத்தில் கடல் வயர்லெசை வைத்துக்கொண்டு 16-ம் சேனலில் கத்தினால் யார் கேட்பார்கள்?

யாரும் கேட்க மாட்டார்கள். கடலோர காவல்படை கோபுரம் பென்னாகரத்தில் இல்லை. ஆன்டனா கணக்கு முன்பே சொன்னதுதான். இரண்டு பக்கமும் பாறை சுவராக நிற்கும் ஒகேனக்கல் பள்ளத்தில் வயர்லெஸ் அலை எங்கே போகும்? ஏ.ஐ.எஸ். போட்டால் பார்க்க கப்பல் இல்லை. ஆக 25 வாட் கருவியை பரிசலில் கட்டிவைப்பது காசுக்கு பிடித்த கேடு. விற்பவர் விற்கத்தான் செய்வார்.

ஒகேனக்கல்லில் ஆபத்து எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் தேவையான கருவி தானாக தெரியும். கர்நாடகாவில் கே.ஆர்.எஸ்., கபினி அணைகளில் திறக்கும் தண்ணீர் ஓரிரு நாளில் தமிழக எல்லைக்கு வருகிறது. பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையம் அளவெடுக்கிறது. நீர்வரத்து கூடினால் தர்மபுரி கலெக்டர் பரிசல் இயக்கவும், அருவியில் குளிக்கவும் தடை போடுகிறார். 2018, 2022, 2024 ஆண்டுகளில் நீர்வரத்து வினாடிக்கு 1 லட்சம் கனஅடியை தாண்டியதை நாமே பார்த்தோம். ஒகேனக்கல்லுக்கு வயர்லெஸ் என்றால் பிலிகுண்டுலு அளவுதான் வயர்லெஸ். அது தினமும் பேப்பரில் வருகிறது. கல்லாவியில் வேன் ஏறும் முன்பே பார்த்துவிடலாம், பைசா செலவில்லை.

இதற்கு மேல் தேவைப்படுவது கரையில் நிற்பவர்களுக்கு. பரிசல் ஏறும் துறை, இறங்கும் துறை, நடுவில் பாறை மேல் என ஆள் நிறுத்தி, முறைப்படி லைசென்சு வாங்கிய வாக்கி டாக்கி கொடுத்தால் ஒருவர் கண்ணில் பட்டதை மூன்று பேரும் தெரிந்துகொள்ளலாம். நேர்கோட்டில் போகாத இடத்தில் மேட்டில் ஒரு ரிப்பீட்டர் வைத்தால் தீர்ந்தது. போலீசார் மலை மேல் ரிப்பீட்டர் வைத்து பேசுவது இதே முறைதான். ஒவ்வொரு பரிசலுக்கும் ஒரு கருவி என்று டெண்டர் விடுவதை விட இது செலவு குறைவு, பலன் அதிகம். பயணியிடம் இருக்க வேண்டியது தண்ணீர் புகாத கவரில் செல்போன், லைப் ஜாக்கெட்டில் கட்டிய விசில். தண்ணீர் இரைச்சலில் மனிதக்குரல் எடுபடாது, விசில் ஓரளவுக்கு எடுபடும்.

சொந்தமாக கயாக் வைத்திருக்கும் பையன்களுக்கு ஒரு யோசனை. ஹாம் ரேடியோ லைசென்சு எடுக்கலாம். மத்திய அரசு தேர்வு வைக்கிறது. வியாபாரத்துக்கு பயன்படுத்தக்கூடாது, ஆனால் சட்டப்படி வயர்லெஸ் கையில் இருக்கும். 2015 சென்னை வெள்ளத்தில் செல்போன் செத்துப்போனபோது ஹாம் ரேடியோக்காரர்கள்தான் தகவல் கொண்டு போனார்கள்.

வெள்ளம் என்றதும் நமக்கு வேறு ஊர் நினைவு வரவேண்டியதில்லை. 2024 டிசம்பர் தொடக்கத்தில் பெஞ்சல் புயல் மழையில் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டி மீட்டர் கொட்டியது. நிறுத்தி வைத்திருந்த வேன்களும், கார்களும் உருண்டு போனதை நாடே டி.வி.யில் பார்த்தது. கடல் இல்லாத ஊரில் அன்றைக்கு மீட்பு படகு தேவைப்பட்டது. அடுத்த முறை படகு வந்தால் படகில் இருப்பவரும், கரையில் இருப்பவரும் எதில் பேசிக்கொள்வார்கள் என்று தாலுகா ஆபீசில் யாராவது யோசித்து வைத்தால் நல்லது.

இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிடும்

இவ்வளவும் சொன்ன பிறகு ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். இந்தியாவில் சுற்றுலா படகு விபத்துகளை எடுத்துப் பார்த்தால் வயர்லெஸ் இருந்திருந்தாலும் பிழைத்திருக்க முடியாதவைதான் அதிகம். 2009 செப்டம்பர் 30-ந் தேதி தேக்கடியில் 45 பேர். 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காடு ஏரியில் 22 பேர். 2023 மே 7-ந் தேதி கேரள மாநிலம் தானூரில் 22 பேர். கூட்டம் ஏற்றியது, எல்லாரும் ஒரே பக்கம் நகர்ந்தது, இருட்டிய பிறகு ஓட்டியது என்று காரணங்கள்தான் மாறி மாறி வருகின்றன. கவிழ்ந்தது கண் மூடி திறக்கும் நேரத்தில். யார் வயர்லெசை எடுப்பது?

2024 டிசம்பர் 18-ந் தேதி மும்பையில் எலிபெண்டா தீவுக்கு போன பயணிகள் படகு மீது கடற்படையின் அதிவேக படகு மோதியதில் 15 பேர் இறந்தார்கள். அதற்கு பிறகுதான் அங்கே லைப் ஜாக்கெட் போட்டால்தான் படகு என்று கறாராக நின்றார்கள். நம்ம ஒகேனக்கல்லிலும் 2015-ல் பரிசல் கவிழ்ந்து உயிர்கள் போன பிறகே கெடுபிடி வந்தது.

அதனால் காசு கொஞ்சமாக இருந்தால் முதலில் லைப் ஜாக்கெட், அதுவும் குழந்தை அளவில் தனியாக. அடுத்து விசில். கடலுக்கு போகிற படகு என்றால் அப்புறம் மிதக்கும் கைக்கருவி ஒன்று. இன்னும் காசு இருந்தால் சிவப்பு பட்டன் உள்ள பொருத்தும் கருவி. கரையை விட்டு வெகுதூரம் போனால் 406 மெகாஹெர்ட்ஸ் அபய கருவி. கப்பல் போகும் பாதையை குறுக்கே கடந்தால், ராத்திரி ஓடினால் ஏ.ஐ.எஸ். டிரான்ஸ்பாண்டர். இந்த வரிசையை தலைகீழாக்கி, லைப் ஜாக்கெட் இல்லாத படகில் கலர் ஸ்கிரீன் மாட்டி வைத்திருந்தால் அந்த படகில் ஏற வேண்டாம்.

ஆறு, ஏரியில் ஓடும் என்ஜின் படகுகளுக்கு 1917-ம் வருட சட்டம்தான் நூறு வருடத்துக்கு மேல் இருந்தது. அதை எடுத்துவிட்டு 2021-ல் புது சட்டம் கொண்டு வந்தார்கள். படகு பதிவு, ஆய்வு சான்று, ஓட்டுபவருக்கு தகுதி சான்று எல்லாம் இதில் இருக்கிறது. படகு குழாமில் டிக்கெட் கவுண்டரில் "சர்வே சர்டிபிகேட் எங்கே ஒட்டியிருக்கீங்க, எத்தனை பேர் ஏத்தலாம்?" என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. கடலுக்குள் போகும் படகு என்றால் கூடவே இன்னொன்றும் கேளுங்கள். "வயர்லெஸ் இருக்குதா, கரையில யாரு கேக்குறாங்க?" முறைக்கிறார்கள் என்றால் பதில் கிடைத்துவிட்டது என்று அர்த்தம்.

செல்போனை தூக்கி எறியச் சொல்லவில்லை. சிக்னல் இருக்கும் கரையோரத்தில் அதுவும் உதவும். கடலில் ஆபத்து என்றால் கடலோர காவல்படை எண் 1554. கடலோர பாதுகாப்பு குழும போலீசாருக்கு 1093. ஒகேனக்கல், ஏற்காடு, பாம்பாறு என்றால் 112. மாவட்ட பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கு 1077. படகில் ஏறிய பிறகு அல்ல, வேன் கல்லாவியை தாண்டும் முன்பே போனில் பதிந்து வையுங்கள். பென்னாகரம் தாண்டி மலை இறங்கும்போது டவர் போய்விட்டால் தேட முடியாது.